நாடி திறந்த பிறகு

நடுநெஞ்சை அமுக்குகிற நோவு, அது இடது கைக்கும் தாடைக்கும் ஏறுகிறது, நெற்றியெல்லாம் குளிர்ந்த வியர்வை. ஓட்டமாவடியில் ஒருவர் இப்படி உட்கார்ந்துவிட்டால் வீட்டிலிருந்து முதலில் ஆள் ஓடுவது பெரும்பாலும் சோடாவுக்குத்தான். “கேஸ்ட்ரிக்காத்தான் இரிக்கும், இஞ்சித்தண்ணி குடிங்க வாப்பா” என்று யாராவது சொல்வார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் மாட்டிறைச்சி இருந்திருந்தால் அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடே இல்லை. இதை அறியாமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வரும் நோவு நரம்புகள் முண்ணாணில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் போய்ச் சேர்கின்றன. நோவது எது என்று பிரித்தறிய மூளையே தடுமாறும் இடம் அது.

சோடா குடித்து, ஏப்பம் விட்டு, கொஞ்சம் சாய்ந்து பார்த்து, மகன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அடிப்பதா பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூப்பிடுவதா என்று பேசி முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும். ஊருக்குள் இருப்பவருக்கு வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை கிட்டடிதான். பாலத்துக்கு அப்பால் நாவலடி, புணானை, வாகரைப் பக்கமிருந்து வருபவருக்கு அப்படியல்ல. ரயிலும் பஸ்சும் ஒரே இரும்புப் பாலத்தை மாறிமாறிப் பாவித்த காலம் போய்ப் புதுப்பாலம் வந்துவிட்டது. ஆனாலும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஓட்டமாவடியிலிருந்தே இன்னும் 30 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும்.

அந்த நேரத்துக்குள் இதயத்தில் நடப்பதை நிமிடக் கணக்கில் அளந்து காட்டியவர்கள், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த கீத் ரெய்மரும் ரொபர்ட் ஜெனிங்சும். இதயத்தசைக்கே குருதி கொண்டுவரும் குழாய்களுக்கு முடியுரு நாடிகள் என்று பெயர். 1977இல் நாய்களின் முடியுரு நாடியொன்றைக் கட்டிவைத்துக் குறித்த நேரத்தில் அவிழ்த்துப் பார்த்தார்கள். 40 நிமிடத்தில் குருதி கிடைக்காத பகுதியில் 38 சதவீதம் செத்திருந்தது. 3 மணி நேரத்தில் 57 சதவீதம், 6 மணி நேரத்தில் 71 சதவீதம். சாவு இதயச் சுவரின் உட்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மாரடைப்பு ஒரு கணத்தில் நடந்து முடிகிற காரியமல்ல, மணிக்கணக்கில் பரவுவது என்று இந்த எண்கள் காட்டின. பரவுவதை இடையில் மறிக்கலாம் என்ற நம்பிக்கையும் அங்கிருந்துதான் வந்தது.

மறிக்காவிட்டால் போனது போனதுதான். நம் இடது இதயவறையில் 200 முதல் 400 கோடி தசைக்கலங்கள் இருக்கின்றன என்பது மதிப்பீடு. பெரிய மாரடைப்பொன்று அவற்றில் 100 கோடி வரை கொன்றுவிடும். தோலைப் போலவோ ஈரலைப் போலவோ அவை திரும்ப முளைப்பதில்லை. எவ்வளவு மெதுவாகப் புதுக் கலங்கள் வருகின்றன என்பதைக் கண்டுபிடிக்க உதவியது, யாரும் எதிர்பாராத ஒரு பொருள்: அணுகுண்டுச் சோதனைகளின் எச்சம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெளியில் வெடித்த குண்டுகளால் காற்றில் காபன்-14 கூடியது. அது பயிராகி, உணவாகி, அக்காலத்தில் பிறந்த கலங்களின் டீஎன்ஏயில் பதிந்துகொண்டது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவகத்தில் யோனாஸ் ஃபிரிசேனின் குழுவினர் இறந்தவர்களின் இதயத்தசையில் இந்தக் காபனை அளந்து, கலங்களின் பிறந்த ஆண்டைக் கணித்தார்கள். 2009இல் வெளிவந்த விடை: 25 வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு கலம் புதிதாகிறது, 75 வயதில் அதிலும் பாதிக்குக் குறைவு. அந்த வேகத்தில் 100 கோடிக் கலங்களை ஈடுசெய்ய ஓர் ஆயுள் போதாது. செத்த இடத்தில் இதயம் தழும்பைப் போட்டு அடைத்துவிடும். தழும்பு கிழியாமல் தாங்கும், சுருங்கி விரியாது.

ஆகவே கடந்த 40 ஆண்டு வைத்தியத்தின் முழுக் கவனமும் நாடியை விரைவாகத் திறப்பதில் இருந்தது, அதில் பிழையும் இல்லை. 1986இல் இத்தாலியில் 11,806 நோயாளிகளைச் சேர்த்து நடந்த பெரும் சோதனையில், குருதிக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்தவர்களில் 21 நாளைக்குள் இறந்தவர்கள் 10.7 சதவீதம், கொடுக்காதவர்களில் 13 சதவீதம். நோவு தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் ஊசி ஏறியவர்களில் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இன்று அதைவிடச் சுலபமாக, ஒரே தடவையில் ஏற்றக்கூடிய டெனெக்டெப்லேஸ் வந்துவிட்டது. கையிலோ தொடையிலோ நாடிக்குள் கம்பி விட்டு பலூனால் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது இதைவிட நல்லது. ஆனால் அதற்கான கூடம் எல்லா ஊரிலும் இல்லை, இலங்கையில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் கிடைப்பது ஊசிதான்.

ஊசியையும் பலூனையும் எப்படிச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பதைத் தமிழ்நாட்டில் செய்து காட்டினார்கள். கோயம்புத்தூரில் தோமஸ் அலெக்சாண்டரும் சென்னையில் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய திட்டத்தில் பலூன் வசதியுள்ள 4 பெரிய மருத்துவமனைகளோடு 35 சிறிய மருத்துவமனைகள் இணைக்கப்பட்டன. கிட்ட இருக்கும் சிறிய இடத்தில் ஈசிஜி எடுத்து ஊசி போட்டு, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்புவது. 2017இல் வந்த முடிவில் 2,420 நோயாளிகளின் கணக்கு இருக்கிறது: ஓராண்டுச் சாவு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதத்துக்கு இறங்கியது. புது மருந்து எதுவுமில்லாமல், வண்டியையும் தொலைபேசியையும் ஒழுங்குபடுத்தியதால் மட்டும் கிடைத்த பலன் இது. கிழக்கு மாகாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த 14.2ஐயும் கவனியுங்கள். நாடி திறந்த பிறகும் ஏழு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் போய்விடுகிறார்.

ஏன்? ஒரு காரணம் விசித்திரமானது: நாடி திறப்பதே தசையைக் காயப்படுத்துகிறது. வெடித்துக் கிடக்கும் வயலுக்கு வாகனேரிக் குளத்து மடையை ஒரேயடியாகத் திறந்தால் பயிருக்கு முன் வரம்பு போய்விடும் அல்லவா, அதுபோல. குருதி நின்றபோது கலத்துக்குள் சக்தி தீர்ந்து, இலக்ரிக் அமிலம் தேங்கி, சோடியமும் கல்சியமும் ஏறியிருக்கும். அந்த அமிலத்தன்மையே ஒருவகையில் கலத்தை அடக்கி வைத்திருக்கிறது. குருதி திரும்பியதும் சில நிமிடங்களில் அமிலம் கழுவப்பட்டுவிடும். ஆனால் கல்சியம் இன்னும் அதிகமாக உள்ளே புகும். திடீரென்று வந்த ஒட்சிசனிலிருந்து கண்டதையும் தாக்கும் மூலக்கூறுகள் பிறக்கும். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளின் உட்சுவரில் ஒரு துளை திறந்துகொள்ளும். அது திறந்தால் இழைமணி ஊதி வெடிக்கும், கலமும் முடிந்தது. ஆய்வுகூட விலங்குகளின் கணக்குப்படி கடைசியில் செத்துக் கிடக்கும் தசையில் பாதி வரை இந்த இரண்டாவது அடியால் போனதாக இருக்கலாம்.

முதல் அடியை ஊசியோ பலூனோ நிறுத்தும். இரண்டாவதை நிறுத்த இன்றுவரை வைத்தியசாலையில் மருந்து இல்லை. சமிக்ஞைப் புரதங்களின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

உடம்பின் எந்தக் கலமும் தன் சாவையும் பிழைப்பையும் தனியாகத் தீர்மானிப்பதில்லை. வெளியிலிருந்து ஒரு புரதமோ சிறு மூலக்கூறோ வந்து கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கியில் பொருந்துகிறது, வாங்கி வளைகிறது, உள்ளே கைனேஸ் எனப்படும் நொதியங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொசுபேற்றை ஒட்டிச் செய்தியைக் கடத்துகின்றன, முடிவில் இழைமணியின் துளை மூடியே இருக்கும், அல்லது திறக்கும். இதயத்துக்குள் “சாகாதே” என்று சொல்லும் பாதை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பது 1986இல் தற்செயல் என்று சொல்லும்படி அமைந்த ஒரு சோதனையில் தெரியவந்தது. அதே டியூக் கூடத்தில் சார்ல்ஸ் மரி, ஜெனிங்ஸ், ரெய்மர் மூவரும் நாயின் நாடியை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து, இப்படி நான்கு முறை செய்தபின் 40 நிமிடம் அடைத்தார்கள். முன்கூட்டியே களைத்துப்போன தசை அதிகமாகச் சாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். செத்த பகுதி கால்வாசியாகக் குறைந்தது. சின்னச் சின்ன அடைப்புகளின்போது கலங்கள் அடினோசினையும் பிரடிகைனினையும் சுரந்து, ஏகேட்டி, ஈஆர்கே என்ற கைனேஸ்களை உசுப்பிவிட்டு, துளையைப் பூட்டி வைத்திருந்தன. மாரடைப்புக்கு முந்திய நாட்களில் விட்டுவிட்டு நெஞ்சுநோ வந்தவர்களின் தழும்பு சிறியதாக இருப்பதை வைத்தியர்களும் கவனித்திருக்கிறார்கள்.

அப்படியானால் அந்தச் சமிக்ஞையை நாமே கொடுத்துவிடலாமே! 30 ஆண்டுகளாக நடந்த முயற்சி இதுதான். பெரும்பாலும் தோல்விகள். எரித்ரோபொயெட்டினை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் சுரக்கும் இந்தப் புரதம், எலும்பு மச்சையில் செங்குருதிக் கலங்களைப் பெருக்குவது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஊசியாகவே போடுகிறார்கள். எலியிலும் பன்றியிலும் இது இதயத்தசையைக் காத்தது. மாரடைப்பு வந்த மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையின் முடிவு 2011இல் வந்தது: தழும்பு சிறுக்கவில்லை, 70 வயதுக்கு மேற்பட்டவர்களில் பெருத்திருந்தது, மோசமான விளைவுகளும் கூடுதலாக வந்தன. செங்குருதிக் கலங்களைப் பெருக்கும் ஒரு புரதம், புதிதாக ஸ்டென்ட் வைத்த நாடிக்கு நல்லதல்ல என்பதைப் பின்னால் யோசித்தால் விளங்கிக்கொள்ளலாம்.

மருந்தே இல்லாத வழியொன்றும் இருந்தது. கையில் பிரசர் பார்க்கும் பட்டியை இறுக்கிக் குருதியை 5 நிமிடம் நிறுத்தி விடுவது, திரும்ப இறுக்குவது. கை விடுகிற சமிக்ஞை குருதியிலும் நரம்பிலும் ஏறி இதயத்தைக் காக்கிறது. விலங்கிலும் சிறிய மனிதச் சோதனைகளிலும் இது அழகாக வேலை செய்தது. செலவில்லை, எந்தக் கிராமத்து வைத்தியசாலையிலும் செய்யலாம். எனக்கும் இதில் மிகுந்த ஆசை இருந்தது. 2019இல் ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் 5,401 நோயாளிகளில் செய்து பார்த்த முடிவு வந்தது: சாவிலோ இதயச் செயலிழப்பிலோ எந்த வித்தியாசமும் இல்லை.

எலி பிழைக்கிறது, மனிதன் பிழைப்பதில்லை. ஆய்வுகூட எலி இளமையானது, ஆண், நோயற்றது, ஒரு குளிசையும் போடாதது. அதன் நாடி சரியாக 30 நிமிடமோ 45 நிமிடமோ அடைக்கப்பட்டுத் திறக்கப்படுகிறது. நம் நோயாளி 58 வயதுக்காரர், பத்து வருடமாகச் சீனி வருத்தம், பிரசர் வேறு, எத்தனை மணிக்கு அடைத்தது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. சீனி வருத்தம் உள்ள இதயத்தில் இந்தக் காப்புப் பாதை மந்தமாகவே வேலை செய்யும். பழைய சீனிக் குளிசையான கிளிபென்கிளமைட் ஆய்வுகூடத்தில் அதை முற்றாகவே முடக்குகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. மாரடைப்பு என்று தெரிந்ததும் கொடுக்கும் கிளோபிடோகிரெல் வகைக் குளிசைகள், குருதிச்சிறுதட்டுகள் ஒட்டாமல் தடுப்பதோடு, விலங்குகளில் இதே காப்புப் பாதையைத் தாமே உசுப்பிவிடுகின்றன. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளையாக விழுங்கக் கொடுப்பதிலும் கிளோபிடோகிரெல் இருக்கிறது. ஏற்கெனவே பாதி திறந்துவிட்ட கதவை இன்னொரு மருந்தால் தட்டினால் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி.

இதையெல்லாம் படித்தபின் எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. நாடி திறக்கும் அந்தச் சில நிமிடங்களைக் குறிவைக்கும் மருந்து, வென்றாலும்கூட, நம் பகுதி ஆட்களுக்குப் பெரிதாக உதவாது. நேரத்தோடு வருபவருக்குத்தான் அது. நமக்கு வேண்டியது முதல் வாரத்தின் மருந்து. பிந்தி வந்தாலும், பாலத்துக்கு அப்பாலிருந்து வந்தாலும், உயிரோடு வைத்தியசாலைக் கட்டிலில் ஏறியவர் அடுத்த ஏழு நாள் அங்கேயோ மட்டக்களப்பிலோதான் இருப்பார். அந்த ஏழு நாளில் இதயத்துக்குள் பெரிய வேலை நடக்கிறது.

முதல் நாளே வெண்குருதிக் கலங்கள் செத்த தசையைத் தின்னப் புகுகின்றன. மூன்று நான்கு நாளில் வேறுவகைக் கலங்கள் வந்து கழிவை அகற்றி, பழுதுபார்க்கும் சமிக்ஞைகளை விடுகின்றன; நார்க்கலங்கள் கொலாஜனை நெய்யத் தொடங்குகின்றன. வீக்கம் கெட்டது, அடக்கிவிட வேண்டும் என்று 1970களில் ஸ்டீரோயிட் கொடுத்துப் பார்த்தார்கள். தழும்பு சரியாக ஆறாமல் மெலிந்துவிடும் என்ற பயத்தில் அது கைவிடப்பட்டது. அழிப்பதும் கட்டுவதும் ஒரே கூட்டத்துக் கலங்கள் செய்யும் வேலை. எல்லோரையும் வாயடைத்தால் கட்டுவதும் நின்றுவிடும்.

ஜேர்மனியின் ஹனோவர் மருத்துவக் கல்லூரியில் காய் வொலேர்ட் இந்த இடத்துக்கு ஒரு தோல்வியின் வழியாக வந்து சேர்ந்தார். 2004இல் அவருடைய குழு 60 நோயாளிகளில் பாதிப்பேருக்கு அவர்களுடைய எலும்பு மச்சைக் கலங்களையே எடுத்து முடியுரு நாடிக்குள் விட்டது. ஆறு மாதத்தில், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் குருதியின் பங்கு அவர்களுக்கு 6.7 சதவீதப் புள்ளி உயர்ந்தது; மற்றவர்களுக்கு 0.7 மட்டும். உலகமே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. பதினெட்டாவது மாதத்தில் வித்தியாசம் கரைந்துவிட்டது. பலர் கலங்களின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கப் புறப்பட்டார்கள். வொலேர்ட் வேறு கேள்வி கேட்டார்: அந்தக் கலங்கள் இதயத்தசையாக மாறவில்லை, தங்கவும் இல்லை, அப்படியும் கொஞ்சக் காலம் உதவியது என்றால் எதைச் சுரந்து உதவின?

மச்சைக் கலங்கள் வெளிவிடும் புரதங்களைச் சல்லடை போட்டுத் தேடியபோது, 19ஆம் நிறமூர்த்தத்தில் வெறும் இலக்கத்தால் மட்டும் அறியப்பட்டிருந்த, என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு புரதம் அகப்பட்டது. அதற்கு மைட்ஜிஎஃப் என்று பெயர் வைத்து 2015இல் வெளியிட்டார்கள். காயப்பட்ட இதயத்துக்குள் வரும் வெண்குருதிக் கலங்கள் இதைச் சுரக்கின்றன. இது தசைக்கலங்களைச் சாகாமல் பிடித்து வைக்கிறது, புதுத் தந்துகிகளை முளைக்க வைக்கிறது. இந்தப் புரதமே இல்லாமல் பிறப்பித்த எலிகளில் தழும்பு பெரிதாக இருந்தது. புரதத்தைச் செய்து கொடுத்த எலிகளில் சிறியதாக இருந்தது. 2022இல் அதே குழு மெட்டியோரின்-போலி என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்தது. அது குருதிக்குழாய்ச் சுவர்க் கலங்களின் கிட் என்ற வாங்கியில் பொருந்தி வேலை செய்வதையும் கண்டார்கள். வாங்கி எதுவென்று தெரிவது பெரிய காரியம். பூட்டு தெரிந்தால்தானே சாவியைச் சிறிதாகவும் மலிவாகவும் செய்து பார்க்கலாம்.

என்னை இதைவிடவும் கவர்ந்தது சிட்னியிலிருந்து வந்த ஆய்வு. வெஸ்ட்மீட் மருத்துவ ஆய்வு நிறுவகமும் சிட்னிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது, தலைமை ஜேம்ஸ் சொங். 2020 ஜனவரியில் வந்த கட்டுரையின் முதல் பெயர் சுஜிதா தவபாலச்சந்திரன். பெயரைப் பார்த்ததும் நம்மூர் வாசகர் ஒரு நொடி நின்று படிப்பார், நானும் நின்றேன்.

அவர்கள் எடுத்த புரதம் புதிதல்ல. பீடீஜிஎஃப் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இது குருதிச்சிறுதட்டுகளின் மணிகளுக்குள் இருப்பது. தோல் கிழிந்த இடத்தில் சிறுதட்டுகள் திரண்டு அடைத்ததும் மணிகள் உடைந்து இந்தப் புரதம் கொட்டும். சுற்றியுள்ள நார்க்கலங்களும் குழாய்த்தசைக் கலங்களும் பெருகத் தொடங்கும். 1974இல் சியாட்டிலில் ரசல் ரொஸ் இதன் தடத்தைக் கண்டார். ஆறாத சீனிப் புண்ணுக்குப் பூசும் களிம்பாக இதன் ஒரு வடிவம் 1997இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முடியுரு நாடியை அடைத்து ஆளைச் சாய்த்த அதே சிறுதட்டுகள்தாம் புண்ணை ஆற்றும் சமிக்ஞையையும் சுமந்து திரிகின்றன.

ஏ, பி என்று இரண்டு சங்கிலிகள் சேர்ந்த வடிவத்தைச் சிட்னிக் குழு தேர்ந்தெடுத்தது. 36 பன்றிகள். பன்றியின் இதயம் அளவிலும் குழாய் அமைப்பிலும் மனித இதயத்துக்கு நெருக்கமானது என்பதால் எலியில் வென்றதைப் பன்றியிலும் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். முன்பக்கத்து முக்கிய நாடியைப் பலூனால் அடைத்துத் திறந்து, மாரடைப்பை அடுத்த 7 நாள் சிலவற்றுக்குப் புரதத்தை நாளம் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்; மற்றவற்றுக்கு மருந்தில்லாத திரவம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, புரதம் ஏறிய பன்றிகள் பிழைத்திருக்கும் வீதம் மற்றவற்றைவிட 40 சதவீதம் மேம்பட்டிருந்தது. இதயம் வெளியேற்றும் குருதியின் பங்கு 11.5 சதவீதம் கூடியிருந்தது.

தழும்பு சிறுத்திருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். சிறுக்கவில்லை. இறுக்கமும் மாறவில்லை. மாறியது தழும்பின் நெசவு. மருந்தில்லாத தழும்பில் கொலாஜன் நார்கள் கண்டபடி கிடந்தன. புரதம் ஏறியதில் அவை பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருந்தன, இடையில் புதுக் குருதிக்குழாய்களும் ஓடின. அப்படி ஒழுங்காகப் படுத்த நார், பக்கத்து நல்ல தசை சுருங்கும்போது அதோடு ஒத்துழைக்கிறது. இன்னொரு பலன் இதைவிட முக்கியம். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர் சில மாதம் கழித்துத் திடீரென விழுந்து இறப்பது பலமுறை தழும்பின் விளிம்பால்தான். அங்கே செத்த நாரும் உயிருள்ள தசையும் கலந்து கிடப்பதால், மின்துடிப்பு நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்து இதயத்தைக் கட்டுக்கடங்காமல் துடிக்கவைக்கும். புரதம் ஏறிய பன்றிகளில் இந்தக் கலவரத்தைச் செயற்கையாகத் தூண்டுவதே கடினமாக இருந்தது.

இத்தனை காலமும் எல்லோரும் தழும்பின் பரப்பளவைக் குறைக்கவே ஓடினார்கள். இந்த ஆய்வு, தசை போனது போகட்டும், அதன் இடத்தில் போடும் ஒட்டை ஒழுங்காகப் போடுவோம் என்கிறது. பிந்தி வரும் நோயாளிக்கு இதைவிட யதார்த்தமான நோக்கம் இருக்க முடியாது. அவருடைய தசை வரும்போதே போயிருக்கும். தழும்பு இன்னும் போடப்பட்டிருக்காது.

கொண்டாடுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இது பன்றி. அந்தப் பன்றிகளுக்குச் சீனி வருத்தம் இல்லை, புகைப்பழக்கம் இல்லை. பீடீஜிஎஃப் நார்க்கலங்களைப் பெருக்கும் புரதம் என்பதால், அளவு தப்பினால் வேண்டாத இடத்தில் நார் கட்டும்; நாடிச் சுவரைத் தடிக்க வைக்கும் என்ற பயமும் உண்டு, ரொஸ் இதைத் தேடிப்போனதே நாடி தடிப்பதன் காரணத்தை அறியத்தான்.

இதற்கிடையில், சமிக்ஞை வைத்தியம் ஏதோ எதிர்காலத்துக் காரியம் என்று நினைத்துவிட வேண்டாம். மாரடைப்பிலிருந்து எழும்பியவரின் கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். எனலாபிரில், அல்லது லொசாட்டன் எழுதியிருக்கும். இரண்டும் அஞ்சியோடென்சின்-2 என்ற சமிக்ஞையை முடக்குபவை. எட்டே அமினோ அமிலங்களாலான இந்தப் புரதத்துண்டு, காயப்பட்ட இதயத்துக்கு “விரி, நார் கட்டு” என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கும். இதயம் அதைக் கேட்டு மெல்ல மெல்ல ஊதிப்போகும், கடைசியில் காலில் வீக்கமும் மூச்சுத்திணறலும். இந்த வகையின் முதல் குளிசை கப்டோபிரில். பிரேசிலின் ஜராராக்கா விரியன் பாம்பின் விஷத்தை ஆராயப் போய் வந்தது. 1992இல் 2,231 நோயாளிகளில் செய்த சோதனையில், இதயத்தின் பலம் குறைந்தவர்களிடம் சாவை 25 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறக்கியது. நல்ல சமிக்ஞையைச் சேர்ப்பதில் இத்தனை தோல்விகள் இருக்க, கெட்ட சமிக்ஞையை மறிப்பதில் வைத்தியம் எப்போதோ வென்றுவிட்டது. ஏற்றுவதைவிட மறிப்பது சுலபம் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்: சரியான அளவும் சரியான நேரமும் தெரிந்தால்தான் ஏற்றலாம், மறிப்பதற்கு ஒரு நாளைக்கு ஒரு குளிசை போதும்.

மூன்றாம் மாதம் நோவு ஒன்றும் இல்லை என்று குளிசையை நிறுத்துபவருக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. நோவுக்காகக் கொடுத்த மருந்து அல்ல அது. அவருக்கு ஒன்றுமே தெரியாமல் நடக்கிற ஊதலை மறிக்கக் கொடுத்தது. எல்லாக் குளிசையும் எல்லோருக்கும் ஆயுள் முழுக்க வேண்டும் என்றும் இல்லை. அட்ரினலின் சமிக்ஞையை மறிக்கும் பீட்டா வகைக் குளிசைகள், இதயத்தின் பலம் குறையாதவர்களுக்குக் கூடுதல் நன்மை தரவில்லை என்று 2024இல் சுவீடனை மையமாக வைத்து நடந்த சோதனை சொன்னது. எதை நிறுத்தலாம் என்பது எக்கோ பார்த்த டொக்டர் சொல்ல வேண்டியது.

சிட்னியின் புரதமோ ஹனோவரின் புரதமோ மனிதருக்குப் பயன்படும் மருந்தாக வேண்டுமானால், யாரில் சோதிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. பெரிய நகரமொன்றில், நோவு தொடங்கி இரண்டு மணி நேரத்தில் பலூன் வைக்கப்பட்டவர்களையே சேர்த்துச் சோதித்தால், அந்த ஆட்களின் சாவு ஏற்கெனவே குறைவு. மருந்து நல்லதாக இருந்தாலும் வித்தியாசம் தெரியாமல் போகும், 2019இல் கைப்பட்டிச் சோதனைக்கும் அப்படி நடந்திருக்கலாம். அறுபது வயது தாண்டியவர்கள், சீனி வருத்தமுள்ளவர்கள், பெண்கள், ஐந்தாறு மணி நேரம் கழித்து வந்து ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்கள் இருக்கும் இடத்தில் சோதிக்க வேண்டும். மாரடைப்பு வந்து மூன்றாம் நாள் புரதத்தைத் தொடங்கினாலும் நார்கள் ஒழுங்காகப் படுக்குமா என்று கேட்க வேண்டும். 7 நாள் சொட்டாக ஏற்றுவதற்குப் பதில் ஒரு தடவை போடும் ஊசியாக அதைச் செய்ய முடியுமா, குளிரூட்டி நின்றுபோகும் வாட்டில் அது கெடாமல் இருக்குமா, ஒரு நோயாளிக்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் சேர்த்து.